வலையிறவுப் பாலம் தாண்டினால்தான் நல்ல பள்ளிக்கூடமா?

வவுணதீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு இளம் தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன். கணவர் கட்டாரில் வேலை. ஒரே மகனை அடுத்த வருடம் தரம் 1இல் சேர்க்க வேண்டும். கண் முன்னே மூன்று அரச பாடசாலைகள். ஒன்று, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய, தரம் 5 வரை மட்டும் உள்ள சிறிய பாடசாலை. மொத்தமே 60 பிள்ளைகள் அளவில். அடுத்தது 4 கிலோமீற்றரில் இருக்கும் மகா வித்தியாலயம். உயர்தரக் கலைப்பிரிவு வரை உண்டு. மூன்றாவது மட்டக்களப்பு நகரில் பெயர்பெற்ற ஆண்கள் தேசிய பாடசாலை. வலையிறவுப் பாலம் தாண்டி 11 கிலோமீற்றர் போக வேண்டும். கணவர் உயர்தரம் படித்தது அங்கேதான்.

"நகரத்துப் பள்ளிக்கூடத்தில சேர்க்காட்டி என்ட பேரன்ட வாழ்க்கையே போயிரும்" என்கிறார் மாமி. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் இருக்கும் மச்சாள், தன் வீட்டு முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கச் சொல்கிறார். இன்னொருவர் 1 லட்சம் ரூபாய் தந்தால் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இதற்கிடையில் இந்தத் தாய் மூன்று பாடசாலைகளின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகளைத் தேடி எடுத்து ஒரு அட்டவணையே போட்டிருக்கிறார். போன முறை வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள்: நகரத்தில் 78 பேர், மகா வித்தியாலயத்தில் 9 பேர், ஊர்ப் பாடசாலையில் 2 பேர். "இதைப் பார்த்த பிறகும் மகனை ஊரில் விட்டால் நான் ஒரு தாயா?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், மகனுக்குப் பேசும்போது முதல் எழுத்து கொஞ்சம் திக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது.

மகள், உங்களை முதலில் பாராட்டத்தான் வேண்டும். ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக வேலை பார்த்த காலத்தில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்த பெற்றோர் யாரையும் நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறதோ அங்கேதான் தங்கள் பிள்ளையும் என்று முடிவெடுப்பவர்களே அதிகம். உங்கள் அட்டவணையில் ஒரு பிழை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். அவசரமானது மச்சாளின் முகவரி.

மச்சாளின் முகவரியும் அந்த 1 லட்சமும்

மச்சாள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வழி சட்டப்படி பிழை, புள்ளிக் கணக்கிலும் உங்களுக்கு உதவாது. தரம் 1 அனுமதிக்குக் கல்வி அமைச்சு வருடாவருடம் சுற்றறிக்கை வெளியிடுகிறது. போட்டியுள்ள பாடசாலைகளில் இடங்களைப் பிரிவு பிரிவாகத்தான் கொடுப்பார்கள். சில வருடங்களாக இருந்துவரும் முறைப்படி பாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கனவே அங்கு படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மீதியைக் கல்வித்துறை ஊழியர், இடமாற்றத்தில் வந்த அலுவலர், வெளிநாட்டில் வசித்துவிட்டுப் பிள்ளையோடு திரும்பியவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். கணவர் கட்டாரில் இருப்பதால் அந்தக் கடைசிப் பிரிவில் வரலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். பிள்ளையும் அங்கே வாழ்ந்து திரும்பியிருக்க வேண்டும்.

அண்மையில் வசிப்போர் பிரிவில் வெறும் முகவரிக்குப் புள்ளி இல்லை. பெற்றோரின் பெயர் தேருநர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், எத்தனை வருடமாக அந்த முகவரியில் இருக்கிறது என்று பின்னோக்கி ஐந்து வருடம் பார்க்கிறார்கள். காணி உறுதி யாருடைய பெயரில், மின் கட்டணப் பட்டியல் யாருடைய பெயரில் என்று பார்க்கிறார்கள். பிறகு வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை வைத்து, அதைவிடக் கிட்ட ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலைகள் எத்தனை உண்டோ, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கிறார்கள். புளியந்தீவு சிறிய தீவு. அதற்குள்ளேயே பாடசாலைகள் நெருக்கமாக இருக்கின்றன. இந்த வருடம் மச்சாள் வீட்டுக்குப் பெயரை மாற்றினாலும் உங்களுக்கு வருவது சொற்பப் புள்ளிதான்.

இன்னுமொன்று. நகரத்துப் பழைய பாடசாலைகள் பல மிஷனரிமார் தொடங்கி, 1960, 61இல் அரசு பொறுப்பேற்றவை. அப்படிப்பட்ட பாடசாலைகளில் பொறுப்பேற்ற காலத்திலிருந்த மத விகிதாசாரத்தையும் பார்த்துத்தான் இடங்களைப் பிரிப்பார்கள். அதனால் உங்கள் மகன் போட்டியிடப்போவது நீங்கள் நினைக்கும் மொத்த இடங்களுக்கு அல்ல, அதில் ஒரு பகுதிக்கு மட்டும்.

பொய் ஆவணம் என்று தெரிந்தால் விண்ணப்பம் போய்விடும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் பிள்ளையை நீக்கலாம். வீடு பார்க்க வருவார்கள், கிராம உத்தியோகத்தரைக் கேட்பார்கள், தற்காலிகப் பட்டியல் ஒட்டியதும் இடம் கிடைக்காத பெற்றோர் ஆட்சேபம் கொடுப்பார்கள். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பெற்றோர்தான். நண்பர்கள் சேர்ந்த பிறகு ஒரு ஆறு வயதுப் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு வருவதை யோசித்துப் பாருங்கள். அதோடு, புளியந்தீவு மாமா மாமி வீட்டில்தான் இருக்கிறேன் என்று ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் சொல்லு என்று மகனுக்குப் பழக்க வேண்டிவரும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய மாணவர் பிரிவில் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு, விண்ணப்பியுங்கள். ஆனால் அங்கே தந்தை எத்தனை வருடம் படித்தார், பரீட்சைப் பெறுபேறு, விளையாட்டு, பழைய மாணவர் சங்கத்துடன் உள்ள தொடர்பு என்று புள்ளி போடுவார்கள். உங்கள் கணவர் படித்தது உயர்தரம் மட்டும். முதலாம் ஆண்டிலிருந்து அங்கேயே படித்தவர்களோடுதான் போட்டி. நம்பிக்கை முழுவதையும் அதில் வைக்காதீர்கள்.

1 லட்சம் கேட்கும் ஆள் பற்றி: அனுமதிக்காகப் பணமோ பொருளோ வாங்கக்கூடாது என்பது சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. இலஞ்சம் வாங்கியவர் மட்டும் அல்ல, கொடுத்தவரும் சட்டத்தின் முன் குற்றவாளி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, கல்வி அமைச்சின் முறைப்பாட்டு இலக்கம் 1988. முறையிடுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். பணம் மட்டும் கைமாறக்கூடாது. புள்ளிப்பட்டியலில் கிடைக்கப்போகிற இடத்தைத் தான் எடுத்துத் தந்ததாகச் சொல்லிக் காசு பார்ப்பவர்களும் உண்டு.

உங்கள் அட்டவணை

78, 9, 2 என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை எழுதியது எத்தனை பேர் என்பதையும் அதே கடிதத்தில் வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: நகரத்தில் 160, மகா வித்தியாலயத்தில் 41, ஊரில் 9. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 41இல் 9 என்றால் 22 வீதம். 9இல் 2 என்றாலும் 22 வீதம். நீங்கள் ஒன்று நல்லது, மற்றது மோசம் என்று பிரித்து வைத்திருக்கும் இரண்டு பாடசாலைகளும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்! சரி, ஒன்பது பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை கூடினால் குறைந்தால் வீதம் எங்கேயோ போய்விடும். அதனால் ஒரு வருடத்தை நம்பக்கூடாது, மூன்று வருடக் கணக்கு எடுங்கள். வெட்டுப்புள்ளியோடு நிற்காமல், 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை எங்கிருந்தாலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டும். 70ஐக்கூட எட்டாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில்தான் ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவு எப்படி நடக்கிறது என்பது தெரியும்.

நகரத்தின் வீதம் கிட்டத்தட்டப் பாதி. அது உண்மையிலேயே நல்ல பெறுபேறு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 160 பிள்ளைகளின் வீடுகளையும் பாருங்கள். தாயோ தகப்பனோ ஆசிரியர், வங்கி, கச்சேரி உத்தியோகம். தரம் 3இலிருந்தே பின்னேர வகுப்பு, சனி ஞாயிறில் வகுப்பு, தரம் 5இல் மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாக. அந்த 78இல் பாடசாலையின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு, ரியூசனின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மகனை அங்கே சேர்த்தால் அந்த வீடுகளும் அந்த ரியூசனும் சேர்ந்து வராது.

அப்புறம் அந்தத் 'தேசிய' என்ற பெயர். தேசிய பாடசாலை நேரடியாகக் கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, மற்றவை மாகாணத்தின் கீழ். நிர்வாகப் பிரிவு அவ்வளவுதான். 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று சொல்வதும் மேல் வகுப்புகளை வைத்துத்தான்: விஞ்ஞானப் பிரிவு உண்டா, உயர்தரம் உண்டா, தரம் 11 வரையா, கீழ் வகுப்பு மட்டுமா. உங்கள் ஊர்ப் பாடசாலை வகை 3 என்பதால் மூன்றாந்தரம் என்று மாமி நினைத்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் ஆய்வுகூடம் இருப்பதால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாசிப்பு வராது. மூன்று பாடசாலைகளிலும் பாடத்திட்டம் ஒன்று, பாடநூல் ஒன்று, அந்த நூலும் இலவசம்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

அட்டவணையை மூடி வைத்துவிட்டு ஊர்ப் பாடசாலைக்கும் மகா வித்தியாலயத்துக்கும் நேரில் போங்கள். அதிபரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. ஆனால் அதற்கு முந்திய வாரம் ஒரு திங்கட்கிழமையும் ஒரு வெள்ளிக்கிழமையும் காலை ஏழரைக்கு வாசலைக் கடந்து போய்ப் பாருங்கள். வாவிக்கு மேற்கே உள்ள நமது படுவான்கரைப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களில் பெரும்பகுதி வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்துதான் வருகிறார்கள். பஸ் பிந்தினால் முதல் பாடம் போகும். மோட்டார் சைக்கிளில் மழையிலும் நேரத்துக்கு வந்து நிற்கும் ஆசிரியர்களும் அதே பாதையில்தான் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு வருபவர்கள் எந்த வகை என்பதை ஊர்ப் பேச்சிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது, பார்த்தால்தான் தெரியும்.

தரம் 1 ஆசிரியர் யார், ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவரா, இங்கு எத்தனை வருடம், இடமாற்றம் கேட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படித்து வந்த ஒருவருக்கும், ஆள் இல்லாததால் தரம் 1க்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் தவணையிலேயே பிள்ளையின் கையெழுத்தில் தெரியும். தரம் 1ஐயும் 2ஐயும் சேர்த்து ஒரே ஆசிரியர் படிப்பிக்கிறாரா என்றும் கேளுங்கள். கூட்டு வகுப்பு என்றாலே மோசம் என்று இல்லை. அதற்கென்று பழகிய ஆசிரியர் அழகாக நடத்துவார். பழகாதவரிடம் ஒரு வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும், மற்றது சும்மா இருக்கும்.

தரம் 3 பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாக் கொப்பியிலும் ஒரே வசனம், ஒரே படம் என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பு. பிழைகள் இருந்து, ஆசிரியர் திருத்தி, பிள்ளை மறுபடி எழுதியிருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. முடிந்தால் வகுப்பில் கெட்டிக்காரர் அல்லாத ஒரு பிள்ளையிடம் பாடநூலில் அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை அவர்களே முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நன்றி சொல்லிவிட்டுப் பின் வரிசையில் இருப்பவரைக் கேளுங்கள்.

மலசலகூடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே கொளுக்கி இருக்கிறதா. பகலுணவு யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும்.

ஊர்ப் பாடசாலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பற்றியும் எழுதியிருந்தீர்கள். கடந்த மூன்று வருடம் தரம் 1இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். எண்ணிக்கை சரிந்துகொண்டே போனால் பேச்சில் ஏதோ இருக்கிறது, நிலையாக இருந்தால் வெறும் வதந்தி. அதிபர் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை, இப்போது கடமையில் இருப்பவர்கள் எத்தனை, மூன்று வருடப் புலமைப்பரிசில் கணக்கு என்ன என்பதெல்லாம் இரகசியம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது, மரியாதையாகக் கேட்டாலே சொல்வார்கள்.

என்னைக் கேட்டால்

நகரத்துப் பாடசாலைக்கு ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். விடிய ஐந்தரைக்கு எழுப்பி, ஆறேகாலுக்கு வேனில் ஏற்ற வேண்டும். தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பாடசாலை மேல் வகுப்புகளுக்கு முன்பே முடிந்துவிடும். வேன் பெரிய பிள்ளைகள் வரும்வரை நிற்கும். அந்த இடைவெளியில் மகன் எங்கே இருப்பான் என்று வேன்காரரிடம் கேட்டீர்களா? மாரி காலத்தில் படுவான்கரையில் வீதிக்கு மேலால் வெள்ளம் போகும் நாட்களை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் நகரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும், உங்கள் மகன் வீட்டில் இருப்பான். கணவர் பக்கத்தில் இல்லை, திடீரென்று காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் ஓடிப்போக இருப்பது நீங்கள் ஒருவர்தான். வேனுக்கு மாதம் 12,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதிக்கு மாதாமாதம் கதைப் புத்தகங்கள் வாங்கி, இரவில் மகனோடு உட்கார்ந்து வாசிக்கலாம்.

ஊர்ப் பாடசாலையின் பலம், ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பலவீனமும் அதே சிறுமைதான். ஒரு நல்ல ஆசிரியர் மாறிப்போனால் அந்த வகுப்பே ஆடிவிடும். விளையாட்டுக்கு அணி சேர்க்க ஆள் இருக்காது, ஆங்கில ஆசிரியர் இல்லாமலும் போகலாம். மகா வித்தியாலயம் நடுவில் நிற்கிறது. ஆசிரியர் கூட, பிள்ளைகளும் கூட, நீங்களே சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ கொண்டுபோய் விடக்கூடிய தூரம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தரம் 1 ஆசிரியர் பயிற்சி பெற்றவராகவும் இடமாற்றம் கேட்காதவராகவும் இருந்தால் ஊர்ப் பாடசாலையில் சேர்ப்பேன். அவர் போகப்போகிறார் என்றாலோ, பழகாத கூட்டு வகுப்பு என்றாலோ மகா வித்தியாலயம். விண்ணப்பத்தை மட்டும் இரண்டுக்கும், பழைய மாணவர் பிரிவில் நகரத்துக்கும், சுற்றறிக்கையிலுள்ள முடிவுத் திகதிக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜனவரி 31இல் மகனுக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதிய பிறந்த திகதிப்படி அதில் சிக்கல் இல்லை.

நகரத்துக் கதவு தரம் 1இல் மட்டும் திறப்பதில்லை. புலமைப்பரிசில் புள்ளியை வைத்துத் தரம் 6க்கு விண்ணப்பிக்கலாம். அப்போது அவனுக்குப் பத்து, பதினொரு வயது. பஸ்ஸில் தானாக ஏறி இறங்கத் தெரிந்திருக்கும். கணவரும் அதற்குள் திரும்பியிருக்கலாம். மாமிக்கு இதைச் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் பாடசாலைகளைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பிகளை அவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிய விஷயம். இந்த வயதில் திக்குவது பல பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் பாடசாலை தொடங்கும்வரை காத்திருக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். "மெதுவாச் சொல்லு", "திருப்பிச் சொல்லு" என்று வீட்டில் யாரும் திருத்த வேண்டாம், அவன் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நேர்முகப் பரீட்சையில் கேள்வி உங்களுக்கும் ஆவணங்களுக்கும்தான், பிள்ளைக்குப் பரீட்சை வைக்கக்கூடாது. அதனால் அவனை எதற்கும் தயார்படுத்தத் தேவையில்லை. எந்தப் பாடசாலையில் சேர்த்தாலும் முதல் வாரமே வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்: எல்லோர் முன்னும் சத்தமாக வாசிக்கும் முறை வரும்போது இவனைத் திடீரென்று எழுப்பாமல், பக்கத்திலிருக்கும் நண்பனோடு சேர்ந்து வாசிக்க விடும்படி. பன்னிரண்டு பேர் வகுப்பில் ஆசிரியருக்கு அது ஞாபகம் இருக்கும். நாற்பது பேர் வகுப்பில் நீங்கள் இரண்டு, மூன்று தடவை நினைவூட்ட வேண்டிவரும், கூச்சப்படாமல் நினைவூட்டுங்கள்.